திருகோணமலையா, யாழ்ப்பாணமா? ஈழத்துத் தமிழரின் பல்கலைக்கழக இடத்தேர்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையிலே க.பொ.த. உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தும் மாணவர், பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பத்தில், தாம் கற்க விரும்பும் பாடநெறியையும் அதனைக் கற்பிக்கும் பல்கலைக்கழகத்தையும் ஒருங்கிணைத்து விருப்ப வரிசையாகக் குறிப்பிடுதல் வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் மாணவர் ஒருவர் கணினி விஞ்ஞானத்தைத் தெரிவு செய்வாராயின், அவர்முன் நிற்கும் பெயர்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். மற்றையது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். வேறு பல்கலைக்கழகங்களும் பட்டியலில் உள. எனினும் இவ்விரண்டு பெயர்களுக்கு இடையிலான தெரிவுக்கு மாத்திரம் ஒரு நீண்ட வரலாறு உண்டு. இன்று தனியொரு மாணவர் தம் வீட்டிலிருந்து எண்ணிப் பார்க்கும் இவ்வினாவை, 1950களின் பிற்பகுதி தொடக்கம் 1974ஆம் ஆண்டு வரை ஒரு சமுதாயம் முழுவதுமே எழுப்பிக்கொண்டிருந்தது. தமிழ் பேசும் மக்களுக்கெனப் பல்கலைக்கழகம் ஒன்று அமையுமாயின் அது திருகோணமலையில் அமைதல் வேண்டுமா, யாழ்ப்பாணத்தில் அமைதல் வேண்டுமா என்பதே அவ்வினா. அவ்விவாதத்தின் போக்கினையும் அதன் விளைவினையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோடியான ஓர் இடத்தகராறு

ஈழத்துத் தமிழர் பல்கலைக்கழகக் கல்வியை நாடியது புதிதன்று. 1857ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலாக நடத்திய பட்டப் பரீட்சையிற் சித்தியெய்திய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றவர்கள். அக்காலத்திற் பட்டம் பெற விழைந்தோர் கடல் கடந்து செல்லுதல் வேண்டும். அல்லது உள்ளூரிலிருந்தவாறே வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பரீட்சைக்குத் தோற்றுதல் வேண்டும். இந்நிலையை மாற்றும் நோக்குடன் 1906ஆம் ஆண்டிலே சேர் பொன்னம்பலம் அருணாசலம் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை அமைத்தார். அதன் பயனாகக் கிடைத்தது 1921ஆம் ஆண்டிற் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியேயன்றிப் பல்கலைக்கழகம் அன்று.

கல்லூரி பல்கலைக்கழகமாக உயர்வதற்கு மேலும் இருபத்தோராண்டுகள் சென்றன. அக்காலத்தின் பெரும்பகுதியை விழுங்கியது இடத்தகராறேயாகும். கொழும்பிலேயே பல்கலைக்கழகம் அமைதல் வேண்டும் என ஒரு சாராரும், கண்டியை அண்டிய மலைநாட்டில் மாணவர் தங்கிப் பயிலும் நிறுவனமாக அமைதல் வேண்டும் என மறுசாராரும் வாதிட்டனர். தும்பறைப் பள்ளத்தாக்கு முதலிற் பேசப்பட்டது. ஈற்றிற் பேராதனை தெரிவாயிற்று. 1942 யூலையில் இலங்கைப் பல்கலைக்கழகம் சட்டப்படி தோன்றியபோதும், பல ஆண்டுகளின் பின்னரே அதன் ஒரு பகுதி பேராதனைக்குச் சென்றது. இதனிடையே ஒரு தலைமுறை மாணவர் இலண்டன் பட்டப் பரீட்சையுடன் அமைதி காண வேண்டியிருந்தது. இடம் பற்றிய விவாதம் நீளுந்தோறும் அதற்கான விலையைச் செலுத்துவோர் விவாதிப்போர் அல்லர், காத்திருக்கும் மாணவரே என்னும் பாடம் அன்றே கிடைத்திருத்தல் வேண்டும். தமிழர் நடத்திய இரண்டாவது இடத்தகராறு அப்பாடத்தை மனங்கொண்டதாகத் தெரியவில்லை.

திருகோணமலைக்கான நியாயங்கள்

1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் ஆட்சிமொழியாக்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இலங்கைத் தமிழரசுக் கட்சி தனது மாநாட்டைத் திருகோணமலையிற் கூட்டியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தொண்டர்கள் அந்நகருக்கு நடைபயணமாக வந்து சேர்ந்தனர். சமஷ்டி ஆட்சியும் மொழியுரிமையும் கோரிய அக்கட்சியின் சிந்தனையிலே திருகோணமலை தமிழ் பேசும் மக்களின் தலைநகராய் விளங்கவேண்டிய இடமாயிற்று. தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கேயே அமைதல் வேண்டும் என்ற கோரிக்கையும் இப்பின்னணியிலேயே வலுப்பெற்றது.

இக்கோரிக்கைக்கு மூன்று நியாயங்கள் இருந்தன எனலாம். முதலாவது அதன் அமைவிடம். வடக்கிலே யாழ்ப்பாணமும் தெற்கிலே மட்டக்களப்பும் இருக்க, இடையே இருப்பது திருகோணமலை. இரண்டாவது, அங்கு வாழும் மக்கள். கிண்ணியா, மூதூர் முதலிய ஊர்களிலே செறிந்து வாழும் முஸ்லிம்களும் தமிழையே தாய்மொழியாகக் கொண்டவர்கள். ‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற தொடருக்குப் பொருள் தரும் நிறுவனம் யாழ்ப்பாணத்திலும் பார்க்க இங்கேயே பொருந்தும் எனக் கருதப்பட்டது. மூன்றாவது காரணம் அரசியல் சார்ந்தது. கந்தளாய், அல்லை முதலிய நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டங்களால் மாவட்டத்தின் குடிசனப் பரம்பல் மாறிக்கொண்டிருந்தது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தாரும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராய் இருந்தனர் என்பது அம்மாற்றத்தின் அளவைக் காட்டும். ஒரு பல்கலைக்கழகம் தன்னோடு ஆசிரியரையும் ஊழியரையும் வணிகரையும் ஓர் ஊரிலே நிலைபெறச் செய்யும். ஆகவே அது நிலத்துக்கும் காவலாகும் என்பதே வாதத்தின் உட்கிடை.

துறைமுகத்தின் நிலையும் கருதத்தக்கது. 1795ஆம் ஆண்டு முதல் பிரித்தானியரின் கையிலிருந்த திருகோணமலை, உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகப் புகழ்பெற்றது. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு அது ஆளாயிற்று. 1957 ஒக்டோபர் 15ஆந் திகதி கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளும் தளத்தின் கட்டடங்களும் எஞ்சின. அவற்றுக்கு உயிரூட்டிய பேரரசு போய்விட்டது. கடற்படையை நம்பியிருந்த நகரம் ஒன்றுக்குப் புதியதோர் ஆதாரம் தேவைப்பட்ட காலமும், பல்கலைக்கழகக் கோரிக்கை எழுந்த காலமும் ஒன்றாயின.

கல்விப் பாரம்பரியம் இல்லாத இடத்திற் பல்கலைக்கழகம் எவ்வாறு வேர்கொள்ளும் என வினவியோரும் உளர். அவ்வினா முழுவதும் நியாயமானதன்று. திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று வளர்த்தவர் சுவாமி விபுலானந்தர். விஞ்ஞானப் பட்டதாரியாகிய அவரே 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகவும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகவும் பதவியேற்றவர். விஞ்ஞானத்தையும் தமிழையும் ஒருங்கே கற்பிக்கலாம் என்னும் நம்பிக்கை இத்துறைமுக நகருக்கு அந்நியமானதாய் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்கான நியாயங்கள்

யாழ்ப்பாணத்தின் சார்பிற் பேசியோர் பெரும்பாலும் கையிலிருந்த வளங்களையே சுட்டினர். 1823இலே தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியின் மரபில் வந்த யாழ்ப்பாணக் கல்லூரி, இலண்டன் பட்டப் பரீட்சைகளுக்கு மாணவரைப் பயிற்றும் பட்டப்படிப்புப் பிரிவொன்றையும் நடத்தியது. திருநெல்வேலியிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேசுவரக் கல்லூரி பரந்த நிலத்தையும் கட்டடங்களையும் உடையதாயிருந்தது. அது ஒருநாள் பல்கலைக்கழகமாதல் வேண்டும் என்பது நிறுவியவரின் கனவு எனப் போற்றப்பட்டது. பெரும் பாடசாலைகளும் அவற்றின் ஆய்வுகூடங்களும் நூலகங்களும் அங்கிருந்தன. 1960களிலே யாழ்ப்பாணத்தில் இந்துப் பல்கலைக்கழகம் ஒன்று அமைதல் வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்து, திருகோணமலைக் கோரிக்கைக்குப் போட்டியாயிற்று. சமயத்தின் பெயரால் அமையும் நிறுவனம் தமிழ் பேசும் முஸ்லிம்களையும் கிறித்தவர்களையும் எவ்வாறு அணைத்துக்கொள்ளும் என்ற கேள்வி அதனுடன் கூடவே பிறந்தது.

மூன்றாவது நிலைப்பாடு ஒன்றும் இருந்தமை மறக்கத்தக்கதன்று. கொழும்பிலும் பேராதனையிலும் பணியாற்றிய தமிழ்க் கல்விமான்கள் சிலர், இரண்டு இடங்களையுமே ஐயத்துடன் நோக்கினர். தமிழருக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் அமைந்துவிடின், ஏனைய பல்கலைக்கழகங்களின் கதவுகளை அவர்களுக்கு அடைப்பதற்கு அது சாட்டாகிவிடும் என அவர்கள் அஞ்சினர். மருத்துவமும் பொறியியலும் தெற்கிலேயே கற்பிக்கப்பட்ட அக்காலத்தில் இவ்வச்சம் காரணமற்றதன்று.

இவ்வாறு தமிழரிடையே உடன்பாடு ஏற்படாதிருந்தமை ஆட்சியிலிருந்தோருக்கு வசதியாயிற்று. கோருவோரே ஓரிடத்தைச் சொல்லாதபோது, எவ்விடத்திலும் எதனையும் கட்டாதிருத்தல் எளிதாகும். 1965ஆம் ஆண்டு தொடக்கம் 1968ஆம் ஆண்டு வரை தமிழரசுக் கட்சி அரசாங்கத்திற் பங்குகொண்டிருந்தது. அக்காலத்திலும் பல்கலைக்கழகம் அமையவில்லை. கோணேசர் கோயிற் சூழலைப் புனித பிரதேசமாக்கும் விடயத்திலே பிரதமருடன் ஏற்பட்ட முரண்பாட்டினால் அமைச்சர் மு. திருச்செல்வம் 1968இற் பதவி துறந்தார். திருகோணமலையின் ஒரு கோயிற் காணியிலேயே இணக்கம் காண இயலாத நிலையிற் பல்கலைக்கழகத்துக்கு இடம் காணுதல் எவ்வாறு?

1974ஆம் ஆண்டின் தீர்ப்பு

விவாதத்தை முடித்துவைத்தது விவாதம் அன்று, தரப்படுத்தலே. 1971ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த மொழிவழித் தரப்படுத்தலின்கீழ், மருத்துவ பீடத்துக்கு நுழைய 400 புள்ளிகளுக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளிகளும், சிங்களமொழி மூல மாணவர் 229 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. 1974இலே மாவட்ட அடிப்படையிலான ஒதுக்கீடு சேர்ந்தது. இவ்விடத்திலே ஒன்றை அவதானித்தல் வேண்டும். மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாண மாணவரைப் பெரிதும் பாதித்தது. ஆனால் வசதி குறைந்த மாவட்டங்களின் மாணவருக்கு அது சில கதவுகளைத் திறந்துவிட்டது. திருகோணமலை அத்தகைய மாவட்டங்களுள் ஒன்று. ஒரே மொழி பேசும் இரு மாவட்டத்து மாணவரின் நலன்கள் எப்போதும் ஒன்றாய் இருப்பதில்லை என்னும் உண்மையை, இடம் பற்றி வாதிட்ட தலைவர்கள் வெளிப்படையாகப் பேசவில்லை.

1972ஆம் ஆண்டின் சட்டம் நாட்டின் பல்கலைக்கழகங்களை ஒரே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக்கியது. அவற்றுள் ஆறாவதாக யாழ்ப்பாண வளாகம் அமைக்கப்பட்டு, 1974 ஒக்டோபர் 6ஆந் திகதி பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவினால் திறந்துவைக்கப்பட்டது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதலாவது தலைவரானார். மனிதப்பண்பியற் பீடம் பரமேசுவரக் கல்லூரிக் கட்டடங்களிலும், விஞ்ஞான பீடம் வட்டுக்கோட்டையிலே யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு இயங்கிய இடத்திலும் தொடங்கின. திருகோணமலையைக் கைவிட்டு யாழ்ப்பாணம் தெரிவு செய்யப்பட்டமையைத் தமிழரசுக் கட்சியினர் எதிர்த்தனர். அவ்வாண்டு சனவரியில் நடைபெற்ற நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளிலே நிகழ்ந்த உயிரிழப்புகளின் கசப்பும் ஆறியிருக்கவில்லை.

எனினும் யாழ்ப்பாணம் வென்றமைக்குக் காரணம் அரசியல் மாத்திரமன்று. ஒரு சில மாதங்களுள் வகுப்புகளைத் தொடங்கக்கூடிய கட்டடம் அங்கே இருந்தது; திருகோணமலையில் இருந்தது நியாயம். 1979 சனவரி 1ஆந் திகதி அவ்வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. தொடக்கத்திலே சிங்கள மாணவரும் பயின்ற அவ்விடத்திலிருந்து, 1977 ஆகஸ்ட் வன்செயல்களின் பின்னர் அவர்கள் நீங்கினர். 1983இன் பின்னர் தெற்கிலிருந்து துரத்தப்பட்ட தமிழ் மாணவருக்கு அதுவே புகலிடமாயிற்று. எதிர்த்தோரும் அதனைத் தம்முடையதெனக் கொண்டனர்.

துறைமுக மாவட்டத்தின் காத்திருப்பு

யாழ்ப்பாணம் தெரிவானமையால் திருகோணமலை மாணவருக்கு நேர்ந்தது யாது? கிழக்கின் முதலாவது பல்கலைக்கழகக் கல்லூரி 1981இலே மட்டக்களப்பு மாவட்டத்து வந்தாறுமூலையில் தொடங்கி, 1986 ஒக்டோபரிற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1988இலே வடக்கு கிழக்கு மாகாண சபையின் தலைமையிடமாகத் திருகோணமலை ஆகியபோது, ‘தலைநகர்’ என்னும் பழைய எண்ணம் ஓரளவு மெய்ப்பட்டது. பல்கலைக்கழகம் மாத்திரம் வரவில்லை. 1993இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று வந்தது. 2001ஆம் ஆண்டிலேயே அது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக உயர்ந்தது. யாழ்ப்பாண வளாகத்துக்கும் திருகோணமலை வளாகத்துக்கும் இடைப்பட்ட காலம் இருபத்தேழு ஆண்டுகள்.

அவ்விருபத்தேழு ஆண்டுகளும் சாதாரண ஆண்டுகள் அல்ல. 1990இன் பின்னர் யாழ்ப்பாணத்துக்கான தரைவழி நீண்ட காலம் அடைபட்டிருந்தது. 2002 ஏப்ரலில் திறந்த வழி 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. அக்காலங்களிலே குடாநாட்டுக்குச் சென்றோர் பலர் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல்களை நம்பியிருந்தனர். பல்கலைக்கழகம் பெறத் தவறிய துறைமுகமே, அதனைப் பெற்ற ஊருக்குப் பயணிகளை ஏற்றி அனுப்பும் வாயிலாயிற்று. 2006 சனவரி 2ஆந் திகதி மாலை திருகோணமலைக் கடற்கரையிலே ஐந்து தமிழ் மாணவர் கொல்லப்பட்டனர். அத்தகைய சூழலிலே, மகனையோ மகளையோ எங்கே அனுப்புவது என்பது குடும்பங்களுக்குக் கல்வி பற்றிய வினாவாக மாத்திரம் இருந்திருக்க இயலாது.

மாவட்டத்தின் உள்ளேயும் தொலைவு என்பது வெறும் கிலோமீற்றர்க் கணக்கன்று. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்படும்வரை, கிண்ணியாவிலிருந்து நகருக்கு வருவோர் ‘பாதை’ எனப்படும் மிதவையிலே நீரைக் கடந்தனர். 2021 நவம்பர் 23ஆந் திகதி குறிஞ்சாக்கேணியில் இழுவைப்படகு கவிழ்ந்தபோது உயிரிழந்தோரிற் பள்ளிச் சிறாரும் இருந்தனர். பாடசாலைக்குச் செல்வதே இவ்வாறாயின், தொலைவிலுள்ள பல்கலைக்கழகம் எத்தனை பிள்ளைகளுக்கு, குறிப்பாக எத்தனை பெண்பிள்ளைகளுக்கு, பெயரளவிலேயே நின்றிருக்கும் என்பது சிந்தித்தற்குரியது.

இன்றைய தெரிவு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே கணினி விஞ்ஞானம் 1990களில் தனித்துறையாகக் கால்கொண்டது. பொது மின்வழங்கல் துண்டிக்கப்பட்டு, மின்கலங்களுக்கும் தடை இருந்த குடாநாட்டிற் கணினியைக் கற்பித்தல் எத்தகைய உறுதியை வேண்டியிருக்கும் என்பதை இன்றைய மாணவர் எண்ணிப்பார்த்தல் நன்று. பட்டதாரிகளின் தொடர்ச்சியும் மூத்த ஆசிரியர் மரபும் நூலகமும் அதன் பலம். நிலாவெளி வீதியிலே கோணேசபுரியில் அமைந்த திருகோணமலை வளாகம், பிரயோக விஞ்ஞான பீடத்திலே கணினி விஞ்ஞானத்தைக் கற்பிக்கின்றது. வயதில் இளையது, பெயராலும் பட்டத்தாலும் வந்தாறுமூலையைச் சார்ந்தது.

இவ்விரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. இரண்டிலும் இப்பாடம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றது. இரண்டுக்கும் மாணவர் தீவு முழுவதிலிருந்தும் வருகின்றனர். தமிழ்ப் பல்கலைக்கழகம் எனக் கோரப்பட்டது, மூவின மாணவரும் ஆங்கிலத்திற் கணினி கற்கும் வளாகமாகத் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தது. கோரியவர்கள் இதனை எதிர்பார்த்திரார். ஆயினும் இதனைத் தோல்வி என்று கொள்ளுதல் பொருந்தாது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழும் மாவட்டமொன்றில், மூவினத்தாரும் ஒரே ஆய்வுகூடத்தில் அமரும் இடம் ஒன்று இருத்தல் சிறிய பேறன்று.

வரலாற்றை நோக்கின், 1974ஆம் ஆண்டின் தேவைக்கு யாழ்ப்பாணத்தைச் சொன்னோர் சரியாகவே சொன்னார்கள் எனலாம். அவ்வாண்டில் மாணவரை ஏற்கக்கூடிய இடம் அதுவே. நீண்டகாலத் தேவைக்குத் திருகோணமலையைச் சொன்னோரும் சரியாகவே சொன்னார்கள். கிழக்கு மாணவரின் தொலைவைக் குறைக்கக்கூடியது அதுவே. இரண்டில் ஒன்றே வேண்டும் எனக் கொண்டதே இரு சாராரின் பொதுப் பிழையாகும். அப்பிழையினால் முதற் பல்கலைக்கழகம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிந்தியது. இரண்டாவது இடம் மேலும் இருபத்தேழு ஆண்டுகள் காத்திருந்தது. நிலம், பெருமை, பாரம்பரியம், கட்டடம் என்பன பற்றியெல்லாம் பேசிய அவ்விவாதத்திலே, மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ புறப்பட வேண்டிய மாணவரின் பயணம் போதிய இடம் பெறவில்லை.

இன்று அம்மாணவரின் கையிலே விண்ணப்பம் இருக்கின்றது. யாழ்ப்பாணத்தை முதலில் எழுதுவதா, திருகோணமலையை முதலில் எழுதுவதா என்பதை அவரே தீர்மானிப்பார். ஆனால் இரு வளாகங்களிலும் ஆசிரியர் தொகையும் ஆய்வுகூட வசதியும் நூல்களும் ஒத்த தரத்தில் இருந்தாலன்றி அது தெரிவாகாது. பெற்ற புள்ளியின்படி ஒதுங்குவதாகவே முடியும். தெரிவை மெய்யான தெரிவாக்கும் கடமை விண்ணப்பத்தை நிரப்பும் மாணவருடையதன்று. பல்கலைக்கழகங்களை நடத்துவோருடையதும், அவற்றிலே கற்பிப்போருடையதும், அங்கு கற்று வெளியேறுவோருடையதும் ஆகும். பழைய விவாதத்திலே நிறைவேறாது நின்ற கடமை இதுவே.